வெளிச்சம் கூட்டிய படங்கள்

கஸ்பருக்கு இந்த ஊரில் சொந்தம் என்று சொல்ல ஒரே ஒருவன்தான் இருந்தான், சீமோன். அந்த ஒருவனையும் அவர் இழந்ததில் என் கையும் இருக்கிறது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும் போல் இருக்கிறது.

என் பெயர் நவரட்ணம். ரொறன்ரோவில், ஸ்கார்பரோ பக்கம் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், பெரியபிள்ளையானவளுக்குச் செய்யும் சாமத்திய வீட்டு அட்டை, சீலைக் கடை நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். ஆனால் கடை ஓடுவது கல்வெட்டால்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவு மலரை எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், தேவாரம், கடைசிப் பக்கத்தில் நன்றி. என் மனைவி மங்கையற்கரசி எழுத்தைப் பார்ப்பாள். நான் படங்களைப் பார்ப்பேன்.

கஸ்பரை எனக்கு 1992 ஆம் ஆண்டிலிருந்து தெரியும். அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் ஒரு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். எல்லாரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர். பகல் முழுக்க அவருடைய சுவரிலிருந்து டக்டக் என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் நான் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு கதிரை, அதற்கு முன்னால் ஒரு ரப்பர் தட்டு, அவருடைய கையில் இரண்டு குச்சி. சுவரோரம் முழுக்கப் படச் சட்டங்கள், எல்லாவற்றையும் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

அவர் ஆங்கிலத்தில் கேட்டதை என் பேச்சில் எழுதுகிறேன். இனியும் அப்படித்தான் எழுதப் போகிறேன்.

"சத்தம் கூடவோ?"

"இல்லை. எங்கடை மீன்குழம்பு மணக்குதோ எண்டு கேக்க வந்தனான்."

"மணக்குது. ரெண்டு வருசமா மணக்குது. ஒருத்தரும் ஒரு கோப்பை தரேல்லை."

அன்றைக்கே கொடுத்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கோப்பையோடு அவரே வந்துவிடுவார். என் அகதி விசாரணைக்கு எழுதின ஆங்கிலத்தை வரி வரியாகத் திருத்தித் தந்தவரும் அவர்தான். ஓர் இடத்தில் நான் திகதியை மாற்றி எழுதப் பார்த்தேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "உண்மையா நடந்ததை மட்டும் எழுது நவா. ஒண்டை மாத்தினால் சாகும் வரைக்கும் அதை ஞாபகம் வைச்சிருக்க வேணும்" என்றார். அனுபவமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பிறந்தது பெல்ஜியத்தில், அன்ற்வேர்ப் என்ற துறைமுகப் பட்டினத்தில், 1950 இல். தகப்பன் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். மிச்சப் பெயின்ற் தகரங்களை வீட்டுக்குக் கொண்டு வருவாராம், அதில்தான் கஸ்பர் படம் கீறப் பழகினார். ட்ரம்ஸ் பழகியது தேவாலயத்து பாண்ட் கோஷ்டியில். இருபது வயதில் பிரசல்ஸ், பாரிஸ், அம்ஸ்ரர்டாம் என்று ஜாஸ் வாசிக்கிற இடமெல்லாம் போய்விட்டார். அமெரிக்காவிலிருந்து பெரிய ஆட்கள் வந்தால் ட்ரம்ஸுக்கு அவரைத்தான் தேடுவார்களாம். அடித்து நொறுக்கிற ஆள் இல்லை. குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய கம்பிக் கற்றைகளை எடுத்துத் தோலின் மேல் தேய்ப்பார். யாரோ பக்கத்து அறையில் கூட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதில்தான் அவருக்குப் பெயர்.

1981 இல் ஒரு கோடை விழாவுக்கு வாசிக்க ரொறன்ரோ வந்தார். இங்கே மரியோ என்ற ஒருவரைச் சந்தித்தார். மரியோ பேஸ் வாசிக்கிறவர். ஆளுயர வயலின் மாதிரி ஒன்றை நின்றபடி கட்டிப்பிடித்து வாசிப்பார்கள் அல்லவா, அது. இரண்டு பேருக்கும் அப்படி ஒத்துப்போய்விட்டது. கஸ்பர் திரும்பிப் போகவே இல்லை. மரியோவுக்குப் பெண்சாதியும் ஒரு மகனும் இருந்தார்கள். மகன்தான் சீமோன்.

1987 மாசி மாதம் வடக்கே சட்பெரியில் ஒரு கச்சேரி முடித்துவிட்டு விடியற்புறம் இரண்டு பேரும் வான் வண்டியில் திரும்பிவரும்போது, பனி வீதியில் வான் சறுக்கிப் புரண்டுவிட்டது. மரியோ அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். ஓட்டினது மரியோ, நித்திரை தூங்கிவிட்டார், "நான் ஓட்டுறன்" என்று கஸ்பர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கும் அப்படித்தான் தெரியும். மரியோவின் பெண்சாதி அந்தக் கோபத்தை விடவே இல்லை. வீட்டிலிருந்த மரியோவின் படங்களை எல்லாம் கழற்றிவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு, "உன்ரை அப்பாவுக்கு எங்களை விடத் தன்ரை வீம்பு பெரிசு" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள்.

கஸ்பர் அந்தக் குடும்பத்தை விட்டுவிடவில்லை. சீமோனின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போனது அவர். பனிச்சறுக்குப் பழக்கினது அவர். 2016 இல் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்ததும் அவர்தான். தான் கலியாணம் முடிக்கவில்லை. கப்பல்களில் வாசித்தார், கலியாண மண்டபங்களில் வாசித்தார், இரண்டு இசைத்தட்டுப் போட்டார். 2012 இல் இடது கையின் இரண்டு விரல்கள் சொன்னது கேளாமல் போயின. குச்சி பிடித்தால் நழுவும். அதோடு ட்ரம்ஸ் முடிந்தது, வலது கையால் படம் மட்டும் மிஞ்சியது.

அவருடைய படங்கள் எல்லாமே கறுப்பு. முழுக் கறுப்பு. எனக்கு விளங்காது. ஆனால் அதைப் பார்க்கவும் சில ஆட்கள் இருந்தார்கள்.

இந்த வருசம் தை மாதம் கடைக்கு வந்தார். எழுபத்தைந்து வயது. குளிரில் மூக்குச் சிவந்திருந்தது.

"நவா, நீ அடிக்கிற செத்த ஆக்களின்ரை புத்தகம் மாதிரி எனக்கும் ஒண்டு வேணும்."

"அதுக்கு முதல் நீங்கள் சாக வேணுமே கஸ்பர்."

"அது வரிசையிலை நிக்குது. நீ புத்தகத்தை அடி."

மங்கை உள்ளே இருந்து, "இஞ்சாருங்கோ, மனுசனோடை உப்பிடியே கதைக்கிறது?" என்று சத்தம் போட்டாள். அவர் அது விளங்காமலே சிரித்தார்.

விசயம் இதுதான். சீமோனுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. டண்டாஸ் வீதியில் ஒரு சின்ன ஓவியக் கலரி நடத்துகிறான். மாசி கடைசிச் சனிக்கிழமை கஸ்பரின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி செய்யப் போகிறான். இருபத்தாறு படங்கள். அதற்கு ஒரு புத்தகம் வேண்டும், முன்னுக்கு வாழ்க்கை வரலாறு, பின்னுக்குப் படங்கள், நூற்றைம்பது பிரதி. கண்காட்சி முடிந்ததும் கஸ்பர் சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டை விட்டுவிட்டு சீமோனின் வீட்டுக்கே போகிறார். கீழ் மாடியில் அறை ஆயத்தம். குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பி கூடப் பூட்டிவிட்டான்.

"சுவருக்கு என்ன நிறம் அடிக்கிறது எண்டு கேட்டான்" என்றார். "எனக்கு முப்பது வருசமா ஒருத்தரும் அப்பிடி ஒண்டும் கேக்கேல்லை."

அவர் கையால் எழுதிய பதினொரு பக்கத்தையும் மங்கை கொம்பியூட்டரில் தட்டினாள். மரியோ ஓட்டின வான் என்ற வரியும் அதில் இருந்தது. நான் அவருடைய வீட்டுக்குப் போய்ப் படங்களை ஒவ்வொன்றாகக் கதிரையில் வைத்து ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். அவருக்குக் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்தார். "உன்ரை வேலை உனக்குத் தெரியும் தானே" என்றார்.

என் வேலை எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை. கல்வெட்டுப் படம் இருட்டாக வந்தால் அடுத்த நாள் குடும்பமே கடை வாசலில் நிற்கும். "அங்கிள், அப்பா இவ்வளவு கறுப்போ?" என்பார்கள். அதனால் என் கொம்பியூட்டருக்குள் எந்தப் படம் வந்தாலும் முதல் செய்வது வெளிச்சத்தைக் கூட்டுவதுதான். முகத்தில் நிழல் இருந்தால் நிழலைக் குறைப்பேன். இருபது வருசப் பழக்கம். ஒரு பட்டனில் வைத்திருக்கிறேன், ஒரே அமத்தில் அத்தனை படமும் மாறும். கஸ்பரின் இருபத்தாறு படத்தையும் அதே பட்டனால் அமத்தினேன்.

மங்கைதான் முதலில் கண்டாள்.

"இஞ்ச வாங்கோப்பா. உதுக்குள்ளை ஆக்கள் இருக்கினம்."

"எதுக்குள்ளை?"

"உந்தக் கறுப்புக்குள்ளை. பாருங்கோ."

கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். கறுப்பு விலகி, மண்ணிறமாகவும் நீலமாகவும் உருவங்கள் வந்திருந்தன. ஒரு வானின் முன் கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு ஆண்கள். ஒருவர் ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்தார். மற்றவர் கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரை. அடுத்த படத்திலும் அதேதான், வேறு பக்கத்திலிருந்து. அதற்கடுத்ததிலும் அதேதான்.

எனக்குச் சந்தோசம். அதை மறைத்து என்ன. "பாத்தியே, நான் வெளிச்சம் கூட்டினபடியால்தான் தெரியுது. பழைய பெயின்ற் எல்லே, இருண்டு போச்சுது. சாமியறைப் படத்திலை சாம்பிராணிப் புகை பிடிக்கிற மாதிரி."

அப்படிப் புகை பிடித்த முருகன் படங்களை எத்தனை பேருக்குத் துலக்கிக் கொடுத்திருக்கிறேன். இதையும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஓட்டுறது கஸ்பர் மாதிரிக் கிடக்கு" என்றாள் மங்கை. "மூக்கைப் பாருங்கோ. உந்த மூக்கு வேறை ஆருக்கு இருக்கு?"

"மரியோ ஓட்டினது எண்டு தானே அவர் எழுதியிருக்கிறார்?"

"அப்ப மாறிக் கீறிப்போட்டார் போலை."

"இருபத்தாறு தரமோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு ஒரு கணம் எனக்கு ஏதோ உறுத்தியது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த நாள் மத்தியானத்துக்கு ஒரு கல்வெட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. படம் கீறுகிறவர்கள் நினைத்தபடி கீறுவார்கள் என்று விட்டுவிட்டு அச்சுக்குப் போட்டேன். கஸ்பருக்கு ஒரு பிரதி காட்டியிருக்க வேண்டும். காய்ச்சல்காரரை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று காட்டவில்லை.

கண்காட்சிக்கு ஐந்து நாள் முந்தி, பெட்டிகளை நேராகக் கலரிக்கே கொண்டுபோனேன். சீமோன் ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தான். படங்கள் ஏற்கெனவே சுவரில் வரிசையாக, கறுப்பாக, நேர்த்தியாகத் தொங்கின. ஓடிவந்து பெட்டியைப் பிரித்தான். அட்டையைத் தடவிப் பார்த்தான். "நல்லா வந்திருக்கு நவா" என்று சொல்லிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினவன் நின்றுவிட்டான். இரண்டாவது படம், மூன்றாவது படம், பிறகு வேகமாகக் கடைசிவரை. திரும்பவும் முதலிலிருந்து.

"இது என்ன?"

"கிளியரா வந்திருக்கு, என்ன?" என்றேன் நான், பெருமையோடு.

மெல்ல, மிக மரியாதையாக, "நீங்கள் போங்கோ நவா, நான் பிறகு ரெலிபோன் எடுக்கிறன்" என்றான். வெளியே வந்து காரில் ஏறின பிறகுதான், மங்கை சொன்ன அந்த மூக்கு எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் காலை கஸ்பர் டாக்ஸியில் கடைக்கு வந்தார். காய்ச்சல் இறங்கியிருக்கவில்லை. "சீமோன் நேற்று ரெலிபோன் எடுத்தவன். புத்தகத்திலை என்ன இருக்கு எண்டு கேட்டான். நான் என்ரை படங்கள் எண்டு சொன்னன். கட் பண்ணிப்போட்டான். என்ன செய்தனி நவா?"

ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடி ஒரு பக்கம் திறந்தார். மற்றப் பக்கத்தைத் திறக்கவில்லை. மங்கை கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

"புகை பிடிச்சது எண்டு நினைச்சன் கஸ்பர்" என்றேன். வேறென்ன சொல்ல.

"அது நான் பூசின கறுப்பு. கீறுவன், கீறி முடிஞ்ச உடனை மேலை கறுப்புப் பூசுவன். கீறாமல் இருக்கவும் ஏலாது. ஆரும் பாக்கவும் கூடாது."

பிறகு சொன்னார். ஓட்டினது அவர். கச்சேரி முடிந்து மூன்று கிளாஸ் விஸ்கி குடித்திருந்தார். மரியோ கோப்பிதான் குடித்தவர், தானே ஓட்டுகிறேன் என்று நின்றிருக்கிறார். இவர்தான் மரியோவின் கையிலிருந்து வான் திறப்பைப் பறித்தது. மரியோவைப் பக்கத்தில் நித்திரை கொள்ளச் சொல்லித் தன்னுடைய கோட்டை எடுத்துப் போர்த்தும் விட்டிருக்கிறார். வான் புரண்டபோது மரியோ வெளியே எறியப்பட்டுவிட்டார். யார் எங்கே இருந்தது என்று பார்க்க ஒருவரும் இல்லை. பொலிஸ் வர இருபது நிமிசம் எடுத்தது.

"முதல் கேள்வியே, ஆர் ஓட்டினது எண்டு. அந்தக் கிழமை தான் எனக்கு இமிகிரேசன் கடிதம் வந்தது நவா. எனக்குப் பேப்பர் இல்லை. அனுப்பிப்போடுவாங்கள். மரியோ செத்திட்டான், அவனை ஆரும் ஒண்டும் செய்ய ஏலாது. அப்பிடித்தான் யோசிச்சன். இருபது நிமிசம் யோசிச்சன்."

பேப்பர் இல்லாத பயம் எனக்குத் தெரியும். அது தெரியாத ஆளாக இருந்திருந்தால் அவரை வெளியே போகச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"நீ அவனுக்குச் சொல்லு" என்றார். "கொம்பியூட்டரிலை பிழை நடந்தது எண்டு சொல்லு. ரெண்டு படம் ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுந்திட்டுது எண்டு சொல்லு. அவன் நம்புவான். நம்பத்தான் விரும்புவான். எனக்கு அவனை விட்டால் ஆர் இருக்கினம்?"

நான் ஓம் என்றேன். யோசிக்கவே இல்லை. குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவருக்கு "அமைதியே உருவானவர்" என்று நாங்கள் அச்சடித்திருக்கிறோம். தூக்குப் போட்ட பெடியனுக்கு "திடீர் சுகவீனத்தால்" என்று போட்டிருக்கிறோம். பெண்சாதியைத் திரும்பியும் பார்க்காதவருக்கு "அன்புக் கணவர்". குடும்பம் கேட்டால் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். இதுவும் அந்த மாதிரி ஒன்றுதானே என்று பட்டது.

அவர் கழிவறைக்குப் போன நேரம் மங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லப் போறியளோ?"

"பாவம் அந்த மனுசன்."

"நாங்கள் செத்த ஆக்களுக்குத் தான் பொய் எழுதுறனாங்கள். உவன் சீமோன் உயிரோடை இருக்கிறான். தேப்பனை முப்பத்தெட்டு வருசமா வெறுத்துக்கொண்டு இருக்கிறான்."

"எழுபத்தைஞ்சு வயசிலை அந்தாளை நடுறோட்டிலை விடச் சொல்லுறியே?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. உங்கடை வாய், நீங்கள் கதையுங்கோ."

மத்தியானம் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு கலரிக்குப் போனேன். வழி முழுக்க அவர் வலது கை விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தார். சீமோன் நடுவில் ஒரு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றான். கஸ்பரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"நவா, இந்த உருவங்கள் எப்பிடி வந்தது?"

"கொம்பியூட்டர் பிழை. ரெண்டு படம் ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுந்திட்டுது. பிழை எங்களிலைதான்."

"இருபத்தாறிலையுமோ?"

"ஓம்."

"சரி. அந்த ரெண்டாவது படம் எங்கையிருந்து வந்தது?"

அதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. என்னுடைய கொம்பியூட்டருக்குள் கஸ்பரின் முகமும் மரியோவின் முகமும் எப்படி வந்திருக்கும்?

சீமோன் ரெலிபோனை எடுத்து அதில் உள்ள லைற்றைப் போட்டான். கிட்டத்துப் படத்தின் விளிம்பில், சுவரோடு சுவராகச் சரித்துப் பிடித்தான். கறுப்பின் மேல் மேடும் பள்ளமுமாக எல்லாம் தெரிந்தது. ஸ்ரியரிங்கின் வட்டம். மூக்கு. கோட்டுக்குள் சுருண்டு கிடந்த தோள். அவன் அடுத்த படத்துக்குப் போனான். அதற்கடுத்ததுக்கும் போனான். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டான்.

"நீங்களும் பொய்தான் சொல்லுறியள் என்ன நவா" என்றான். கோபமாகக்கூட இல்லை.

கஸ்பர் வாசலோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார். சீமோன் அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"அப்பா நித்திரையோ?"

"ஓம்."

"முழிச்சவரோ?"

"இல்லை. முழிக்கேல்லை."

"நீங்கள் சொல்லியும் அப்பா கேக்கேல்லை எண்டு அம்மாவுக்குச் சொன்னியள். அது?"

கஸ்பர் தலையைக் குனிந்துகொண்டார். "அதை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. உன்ரை அம்மா திரும்பத் திரும்பக் கேட்டா, என்ன கதைச்சனியள், என்ன கதைச்சனியள் எண்டு. ஏதோ ஒண்டு சொல்ல வேண்டியிருந்தது. வாயிலை வந்திட்டுது."

"அம்மா சாகேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்தனியள். கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனியள். அப்பவும் சொல்லேல்லை?"

"அப்பவும் சொல்லேல்லை."

சீமோன் அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. உள் அறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வராமல் இருந்தான். நான் கஸ்பரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கண்காட்சியை நிறுத்திவிடுவான் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். வியாழக்கிழமை அவன் புத்தகப் பெட்டிகளோடு கடைக்கு வந்தான். வரலாற்றில் உள்ள அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும், ஒட்டக்கூடிய மாதிரி ஒரு துண்டு அடித்துத் தாங்கோ என்றான். "கஸ்பரைக் கேட்டுப்போட்டு அடியுங்கோ. அவரின்ரை புத்தகம்" என்றும் சொன்னான். அவன் முன்னாலேயே நான் அவருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"என்னெண்டு போடச் சொல்லுறான்?" என்று கேட்டார்.

"வான் ஓட்டினது கஸ்பர் எண்டு."

"என்ரை முழுப் பெயரையும் போடு. ஆர் எண்டு பிறகு ஒருத்தரும் கேக்கக் கூடாது." பிறகு, "பக்கத்திலை நிக்கிறானோ?" என்றார்.

நான் சீமோனைப் பார்த்தேன். அவன் கையை அசைத்தான், வேண்டாம் என்று. "நிக்கிறான்" என்றேன். "கதைக்க மாட்டானாம்."

மங்கையும் நானும் அன்று பின்னேரம் இருந்து நூற்றைம்பது துண்டையும் வெட்டி ஒட்டினோம்.

சனிக்கிழமை கண்காட்சி நடந்தது. கலரியின் மேல் விளக்குகளை சீமோன் அணைத்துவிட்டிருந்தான். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் நிலத்தில் ஒரு விளக்கு வைத்து, வெளிச்சம் சரிவாக விழும்படி செய்திருந்தான். வாசலிலேயே எல்லாம் தெரியும். கஸ்பரோடு முப்பது வருசம் கூட வாசித்தவர்கள் வந்திருந்தார்கள். மரியோவைத் தெரிந்த கிழவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே வந்து, புத்தகத்தை வாங்கி, ஒட்டின துண்டை வாசித்து, படங்களைச் சுற்றிப் பார்த்து, சத்தமில்லாமல் போனார்கள். பியானோ வாசிக்கிற ஒரு மனுசன் மட்டும் கஸ்பருக்கு முன்னால் வந்து நின்று, "எனக்கு நீ சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

கஸ்பர் கறுப்புக் கோட்டுப் போட்டு, சவரம் செய்து, வாசலோர வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்தார். வராமல் விட்டிருக்கலாம் என்று பிறகு சொன்னேன். "அவன் லைற் எல்லாம் பூட்டியிருக்கிறான், நான் வராமல் இருக்கிறதோ?" என்றார். சீமோன் அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். வைக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால் தெரியும்.

கீழ் மாடி அறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டுக்கு அவர் ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தார், சித்திரை முடிய வேறு ஆட்கள் வர இருந்தார்கள். சித்திரையில் அவருக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்து நிமோனியாவாக மாறியது. ஆஸ்பத்திரியிலிருந்து ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். உறவு என்ற இடத்தில் யாரைப் போடுவது என்று கேட்டார்கள். என் பெயரைத்தான் போட்டார்கள். ட்ரம்ஸை யாரோ ஒரு சங்கீதப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. படங்கள் சீமோனிடம் இருக்கின்றன. விற்றானா வைத்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது.

நான் இப்போது அஜக்ஸில் இருக்கிறேன். அங்கிருந்து ரெக்ஸ்டேலுக்கு 401 பெருந்தெருவில் ஒரு மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மங்கை மீன்குழம்பு கட்டித் தருவாள், ஆனால் அவர்கள் அவருக்கு அரைத்த சாப்பாடுதான் கொடுக்கலாம் என்கிறார்கள். தாதி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வருவேன்.

சீமோன் ஒருக்கால் கடைக்கு வந்தான், ஆனி மாதம். தகப்பனின் புதைகுழிக்குக் கல் மாற்றுகிறானாம், எழுத்தின் அளவு எவ்வளவு வைத்தால் தூரத்திலிருந்து தெரியும் என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். அவன் போகும்போது, "கஸ்பர் ரெக்ஸ்டேலிலை இருக்கிறார். ஒருக்கால் போய்ப் பாக்கலாம்" என்றேன்.

"தெரியும்" என்றான். "ஏலாது நவா."

அந்த ஞாயிறு நான் போனபோது கஸ்பர் கட்டிலில் இருத்தி வைக்கப்பட்டிருந்தார். மெலிந்து மூக்கு மட்டும்தான் மிச்சம். சீமோன் கடைக்கு வந்ததைச் சொன்னேன், கல்லைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"என்னைப் பற்றிக் கேட்டவனோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சுகம் கேட்டவன், இன்னொரு நாள் வாறன் என்றவன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். இருபது வருசமாக நான் அதைத்தானே செய்கிறேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன், என்னுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை கஸ்பர்" என்றேன்.

தலையை ஆட்டினார். சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்தது. அவருடைய நெஞ்சில் துணியைக் கட்டிவிட்டு, கரண்டியை எடுத்து, ஊட்டத் தொடங்கினேன்.